ஈட்டிக்குச் சாகாதவன்

என்னைப் பார்த்ததும் அந்த ஊர் சிரித்தது. நான் கொண்டுபோயிருந்ததோ சாவுச் செய்தி.

எழுமலையிலிருந்து மேற்கே நடந்து, அடிவாரத்தைத் தாண்டி, பாதி நாள் மலையேறினால் பலகைக்குடி. கடைசி வளைவில் மூச்சு வாங்க நின்றேன். தோளில் ஒரு துணி மூட்டை. அட்டை கடித்த இடத்திலிருந்து ரத்தம் கணுக்காலில் வழிந்துகொண்டிருந்தது. வேலிப்படலுக்கு அந்தப் பக்கம் தினை காயவைத்துக்கொண்டிருந்த ஒரு பெண் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணைச் சுருக்கி மறுபடி பார்த்தாள். கையிலிருந்த முறத்தை அப்படியே போட்டுவிட்டு ஊருக்குள் ஓடினாள்.

“மாமா! அரமணைக்காரரு வந்திருக்காரு! அவுக கூட நிக்கிறாருல்ல, அவரு!”

கதவுகள் திறந்தன. பிள்ளைகளும் பெண்களும் ஓடிவந்தார்கள். நரைத்த மார்பும் தலையில் உருமாலுமாக ஒரு பெரியவர் வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, நீதான எம்மகனுக்குப் பக்கத்துல நிக்கிறவன்? போன வெள்ளிக்கெழம பாத்தோமப்பா. எழுமலையில, சினிமாக் கொட்டகையில. ஊரே போயிருந்தோம்.”

அப்படிச் சொல்லிவிட்டு என் தோளுக்கு மேலாகப் பாதையை எட்டிப் பார்த்தார்.

“வீரணன் எங்க? பின்னால வாரானா?”

வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துவைத்திருந்த வார்த்தைகள் எனக்கு மறந்துபோயின.

சிங்காசனத்தின் இரண்டு பக்கம்

வீரணனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அப்போது மதுரைக்கு வெளியே ஒரு தோட்ட பங்களாவை வாடகைக்கு எடுத்து ஒரு படக்கம்பெனி நடந்துவந்தது. இரண்டாவது உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்திய வருஷங்கள் அவை. நாடகத்தில் பெரிய வேஷம் எதுவும் கிடைக்காமல் சலித்துப்போய் நான் அங்கே சேர்ந்திருந்தேன். சிம்மக்கல்லில் ஒரு மாடி அறையில் குடியிருந்தேன். படங்களில் என் வேலை, ராஜாவின் சிங்காசனத்துக்கு ஒரு பக்கம் ஈட்டியோடு நிற்பது. மறுபக்கம் நிற்க என் உயரத்துக்கு ஆள் அமையாமல் மானேஜர் தினமும் யாரையாவது திட்டிக்கொண்டிருப்பார்.

அரண்மனை கட்டுவதற்காக மலையிலிருந்து பலகை ஏற்றிக்கொண்டு வண்டிகள் வரும். அப்படி ஒரு வண்டியோடு வந்தவன்தான் வீரணன். நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம். பலகையை இறக்கி வைத்துவிட்டு, அன்று கம்பெனியில் நடந்த காட்சியை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றான். மானேஜர் அவனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அன்று சாயங்காலமே அவன் தலையில் தகரக் கிரீடம் ஏறிவிட்டது.

முதலில் அவனுக்கு அது பிடிக்கவில்லை. “சும்மா நிக்கிறதுக்கா சோறு போடுறாக?” என்று என்னிடம் கேட்டான். பகலில் தச்சர்களோடு சேர்ந்து அரண்மனை கட்டுவான், கூப்பிட்டால் வந்து அதே அரண்மனைக்குக் காவல் நிற்பான். என் அறையில்தான் படுத்துக்கொண்டான். இரவில் ஊரைப் பற்றிப் பேசுவான். அவன் ஊரில் மண்சுவரே கிடையாதாம், எல்லாம் பலகையாம். பெண்சாதி பெயர் அங்கம்மாளாம். அறுப்புக்குப் போய்விட்டு வந்துவிடுவேன் என்பான். அறுப்பு வரும்போது ஒரு படம் பாதியில் நிற்கும், மானேஜர் விடமாட்டார்.

யுத்தக் காட்சியை ஒத்தக்கடைக்கு அப்பால், யானைமலை அடிவாரப் பொட்டலில் எடுத்தார்கள். நல்ல வெயில். எதிரியின் ஈட்டி நெஞ்சில் பாய்ந்து வீரணன் சாகவேண்டும். ஈட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு விழவேண்டியதுதான். ஆனால் அவன் விழும்போது “அம்மா!” என்று போட்ட சத்தத்தில், நிழலில் உட்கார்ந்திருந்த ராஜாவே எழுந்து நின்றுவிட்டார். ஒரே தடவையில் காட்சி முடிந்தது.

அதற்கப்புறம்தான் பட்டாபிஷேகக் காட்சி எடுத்தார்கள். உயரமான ஆள் வேறு கிடைக்கவில்லை. “செத்தவன் எப்படி சார் வந்து நிப்பான்?” என்று நான் கேட்டேன். “எவன்டா காவல்காரன் மூஞ்சியப் பார்க்கிறான்?” என்றார் மானேஜர். ஆக, கதையில் செத்துப்போன வீரணன், கதை முடிகிற நேரத்தில் சிங்காசனத்துக்குப் பக்கத்தில் ஈட்டியோடு நின்றான்.

ஆணி

அந்தப் படம் மதுரையில் ஓடி முடிந்து, வெளியூர்க் கொட்டகைகளுக்குப் போய்விட்டது. நாங்கள் அடுத்த படத்தில் இருந்தோம்.

ஒருநாள் பழைய அரண்மனையைப் பிரித்தார்கள். பிரித்த பலகைகள் ஆணியும் அதுவுமாகத் தோட்டத்தில் சிதறிக்கிடந்தன. வீரணன் வெறுங்காலோடு நடக்கிறவன். ஒரு ஆணி பாதத்தில் ஏறிவிட்டது. பிடுங்கி எறிந்துவிட்டு, சுண்ணாம்பு தடவிக்கொண்டு வேலையைப் பார்த்தான். நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. யாருமே நினைக்கவில்லை.

ஒரு வாரம் கழிந்து, ஒரு காலையில், பழையசோற்றை முன்னால் வைத்துக்கொண்டு வாயைத் திறக்க முடியாமல் உட்கார்ந்திருந்தான். தாடை கட்டிக்கொண்டது. மத்தியானத்துக்குள் கழுத்து விறைத்தது. ஜட்காவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ரணஜன்னி என்றார்கள். இருட்டறையில் போட்டார்கள். கதவு சத்தம் கேட்டாலே உடம்பு வில்லாக வளைந்து கட்டிலை விட்டு எழும்பும். கண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. அவன் ஏதோ சொல்ல நினைக்கிறான் என்பது தெரிந்தது. பல் கிட்டிப்போயிருந்தது. ஒரு சொல் வெளியே வரவில்லை.

நான் எத்தனையோ சாவைப் பார்த்திருக்கிறேன். அறிவு முழுவதும் விழித்திருக்க, வாய் மட்டும் பூட்டிக்கொண்ட சாவு அது ஒன்றுதான்.

மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துவிட்டது. மலைக்குச் சொல்லியனுப்ப வழியில்லை, உடம்பும் தாங்காது. கம்பெனியிலிருந்து ஒரு மாலை வந்தது. அவனுக்கு ஒட்டோ உறவோ இல்லாத நான்தான் குளிப்பாட்டினேன். வைகைக் கரையில் எரித்தோம். ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் ஊற்றுத் தோண்டி அதில் சாம்பலைக் கரைத்தோம்.

“மலைக்காரன்தானே, யாரு வந்து கேட்கப்போறா?” என்றார் மானேஜர். நான்கு நாள் லீவு கேட்டேன். முறைத்துவிட்டு, அடுத்த மாசம்தான் கொடுத்தார். பலகை வண்டிக்காரரிடம் வழி கேட்டுக்கொண்டு, வீரணனின் வேட்டி, கம்பளி, வெற்றிலைப் பை எல்லாவற்றையும் மூட்டையாகக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். உசிலம்பட்டியிலிருந்து எழுமலைக்கு மாட்டு வண்டி. எழுமலைச் சந்தைத் திடலில் ஒரு சினிமாக் கொட்டகை நின்றது. எங்கள் படத்தின் நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எல்லா ஊரிலும் ஒட்டியிருப்பதுதானே என்று பார்க்காமல் கடந்துபோனேன்.

பலகை வீட்டில்

பெரியவர் பெயர் மாயாண்டி. வீரணனின் தகப்பனார். என்னைத் தன் வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

வீரணன் சொன்னது சரிதான். ஊரில் மண்சுவர் ஒன்றுகூட இல்லை. பன்றியும் பாம்பும் அண்டாதபடி கட்டைகளை நட்டு, அவற்றின் மேல் பலகைத் தளம் போட்டு, பலகையாலேயே சுவர் எழுப்பி, மலைப்புல் வேய்ந்திருந்தார்கள். பலகையைப் பலகையோடு சேர்த்தவை மரமுளைகள். மழையும் அடுப்புப் புகையும் பட்டு எல்லாம் கறுத்துக்கிடந்தது. நான் உட்கார்ந்ததும் தளம் லேசாக முனகியது. ஈரமரத்தின் வாசனை மூக்கில் ஏறியது.

“எங்க வேங்கப் பலகையெல்லாம் அங்க அரமணையா நிக்குதேப்பா! தூணு தூணா! நம்பவே முடியல” என்றார் மாயாண்டி.

அங்கம்மாள், அதுதான் முறத்தைப் போட்டுவிட்டு ஓடிய பெண், அவித்த கிழங்கும் தேனும் கொண்டுவந்து வைத்தாள். ஊர் முழுவதும் வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றது. ஆளுக்கொரு கேள்வி. ராஜா நிஜமாகவே அவ்வளவு சிவப்பா, குதிரை கடிக்குமா என்று.

கிழங்கைக் கையில் எடுத்தேன். கீழே வைத்துவிட்டேன்.

“ஐயா, வீரணன் இல்லீங்க. எறந்துட்டான். காலுல ஆணி குத்தி, ஜன்னி கண்டு போயிட்டான். போன மாசமே. நான்தான் கூட இருந்தேன்.”

மாயாண்டி சிரித்தார். வாசலில் நின்றவர்களும் சிரித்தார்கள்.

“அடப் போப்பா. ஈட்டி குத்தியே எந்திரிச்சவன், ஆணி குத்தியா செத்தான்?”

“ஐயா, அது படம்…”

“படம்னு தெரியாமயா பேசுறேன்? நானும் கூத்துக் கட்டுனவந்தான். கூத்துல செத்தவன் விடிஞ்சா எந்திரிச்சுக் கஞ்சி குடிப்பான். ஆனா வேசங்கட்டுறவன் வந்து நின்னாத்தானப்பா கூத்து? போன வெள்ளிக்கெழம எழுமலையில வந்து நின்னானே. போன மாசம் செத்தவன் எப்படி வருவான்?”

அவர்கள் படம் முடிந்ததும் வெள்ளைத் திரைக்குப் பின்னால் போய் வீரணனைத் தேடியிருக்கிறார்கள். டிக்கெட் கிழிக்கிறவன் ஒருவன், “ராஜாவோட சேந்து அப்பவே மதுரைக்குப் போயிட்டாரே” என்று சொல்லியிருக்கிறான். அவனுக்கு அது வேடிக்கை. இவர்கள் ஊர் திரும்பி, மகன் ராஜாவோடு போகிற அளவுக்கு வந்துவிட்டான் என்று சாமிக்குக் கிடா வெட்டியிருக்கிறார்கள்.

இதை மலைக்காரர்களின் வெகுளித்தனம் என்று யாரும் சிரிக்கவேண்டாம். நான் குடியிருந்த சிம்மக்கல்லிலேயே, படித்த மனிதர்கள் திரையில் சாமி தோன்றியதும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். மாயாண்டி அவருக்குத் தெரிந்த கூத்தை வைத்து யோசித்தார். அந்த யோசனையில் ஓட்டை எதுவும் இல்லை.

எப்படி விளக்குவது என்று தவித்துக்கொண்டிருந்தேன். அங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை.

அங்கம்மாள் கேட்டது

கூட்டம் கலைந்த பிறகு அவள் வந்து எனக்கு எதிரில் உட்கார்ந்தாள்.

“அண்ணே, மறைக்காமச் சொல்லுங்க. டவுனுல வேற பொம்பளயச் சேத்துக்கிட்டாரா? அதுக்குத்தான் செத்துப்போயிட்டேன்னு சொல்லச் சொல்லி உங்கள அனுப்புனாரா?”

“இல்லம்மா.”

“இருந்தாச் சொல்லுங்க. நான் சண்டைக்கு வரமாட்டேன். எங்கிட்டாச்சும் இருக்காருன்னு சொன்னாப் போதும்.”

அவள் முகத்தில் கோபம் இல்லை, ஆசைதான் இருந்தது. அப்படி ஒருத்தி இருக்கிறாள் என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்கிற ஆசை. ஒரு நிமிஷம் எனக்கே சொல்லிவிடலாம்போல இருந்தது.

மூட்டையை அவள் முன்னால் வைத்தேன். அவள் அவிழ்க்கவில்லை.

“குளிப்பாட்டுனது யாரு?”

“நான்தான்.”

“முதுகுல என்ன பாத்தீக?”

“கரடி பிறாண்டுன தழும்பு. தோளுக்குக் கீழ.”

“அது ஊருக்கே தெரியும். வேற?”

நான் தயங்கினேன். ஒரு பெண்ணிடம் சொல்கிற விஷயம் இல்லை. அவள் கண்ணை எடுக்காமல் காத்திருந்தாள்.

“வலது தொடையில, உள்பக்கம்… சூடுபட்ட வடு. வட்டமா.”

அவள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். உடம்பு முன்னும் பின்னும் ஆடியது. சத்தம் வெளியே வராமல் அழுதாள். வெகுநேரம் கழித்து, “அடுப்புக் கொள்ளி விழுந்தது. கல்யாணமான புதுசுல. நான்தான் பச்சிலை வச்சுக் கட்டினேன்” என்றாள்.

பிறகு கேட்டாள். “கடைசியா என்ன சொன்னாரு?”

உண்மையைத்தான் சொன்னேன். தாடை பூட்டிக்கொண்டதை, பேச முடியாமல் போனதை. அதைக் கேட்டதும்தான் அவளுக்குச் சத்தம் வந்தது. பலகைச் சுவர் அதிர்ந்தது.

மாயாண்டி உள்ளே வந்தார். நின்றபடியே அதட்டினார்.

“நிறுத்து ஆத்தா. எம்மகன் உசுரோட இருக்கையில இந்த வீட்டுல ஒப்பாரி கேக்கக்கூடாது. எவனோ வந்து சொன்னான்னு தாலியக் கழட்டப் போறியா?”

“மாமா, இவரு குளிப்பாட்டியிருக்காரு மாமா.”

“நான் நம்பமாட்டேன். என் கண்ணால பாத்தது பொய்யா? கொட்டகை இன்னும் எழுமலையிலதான கெடக்கு? காலையில எறங்குவோம். எம்மகன் வந்து நிக்கட்டும், இவன் மூஞ்சிக்கு நேரா நான் கேக்குறேன்.”

ஊருக்குப் பெரியவரான அவர் சொல்லாமல் அந்த ஊரில் யாரும் துக்கம் காக்க முடியாது. அங்கம்மாள் அழுகையை விழுங்கிக்கொண்டு எழுந்துபோய் உலை வைத்தாள். புருஷன் செத்தது தெரிந்தும், தாலியும் பூவுமாக மாமனாருக்குச் சோறு போட்டாள்.

எழுமலைக் கொட்டகை

மறுநாள் மூவரும் இறங்கினோம். பொழுது சாயும் நேரத்துக்குத் திடலுக்கு வந்துசேர்ந்தோம். கொட்டகையில் பாட்டுப் போட்டுக் கூட்டம் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். மாயாண்டி முதல் ஆளாக உள்ளே போய், மணலில் முன்வரிசையில் உட்கார்ந்துவிட்டார்.

அங்கம்மாள் என்னை ஓரமாகக் கூப்பிட்டாள்.

“அண்ணே, கொட்டகைக்காரருகிட்டச் சொல்லுங்க. ஈட்டி பட்டு விழுவாருல்ல, அதோட படத்த நிப்பாட்டச் சொல்லுங்க. அதுக்கப்புறம் அவரு எந்திரிக்க வேணாம்.”

நான் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

“எந்திரிச்சா மாமா நம்பமாட்டாரு. நான் அழணும்ணே. இம்புட்டு நாளும் பூ வச்சுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.”

கொட்டகைக்காரரிடம் போய்ச் சொன்னேன். நல்ல மனிதர். முழுவதும் கேட்டுவிட்டு, டிக்கெட் கிழிக்கிறவனைக் கூப்பிட்டு அவன் மண்டையில் ஒன்று வைத்தார். ஆனால் படத்தைப் பாதியில் நிறுத்த அவருக்குத் துணிச்சல் இல்லை. “பட்டாபிசேகம் இல்லாம விட்டா சனம் கொட்டகையப் பிச்சு எறிஞ்சிரும் தம்பி” என்றார். அதிலும் நியாயம் இருந்தது.

அங்கம்மாள் உள்ளே வரவில்லை. டிக்கெட் கொடுக்கிற தட்டிக்குப் பக்கத்தில், திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் மாயாண்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். படம் ஓடியது. மகன் முதலில் தோன்றியதும் என் தொடையில் தட்டி, “பாத்தியா?” என்றார். யுத்தம் வந்தது. ஈட்டி பாய்ந்தது. வீரணன் “அம்மா!” என்று அலறி விழுந்தான். பொட்டலில் கேட்ட அதே குரல். எனக்கு ஆஸ்பத்திரி இருட்டறை ஞாபகம் வந்தது. பெரியவர் அசையவில்லை. “எந்திரிப்பான்” என்றார்.

பட்டாபிஷேகம் வந்தது. வேங்கைத் தூண்களுக்கு நடுவே ராஜா. ஒரு பக்கம் வீரணன், முழு உயரத்துக்கும் நிமிர்ந்து நின்றான். கூட்டம் கைதட்டியது. மாயாண்டி வெற்றியோடு என் பக்கம் திரும்பினார்.

அப்படியே என் முகத்தையே பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். அங்கே சிங்காசனத்துக்கு மறுபக்கம் நான் நின்றுகொண்டிருந்தேன். திரும்ப என்னைப் பார்த்தார். கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டார். தோளைத் தொட்டார். மணலில் ஊன்றியிருந்த என் கையைப் பிடித்துப் பார்த்தார்.

“நீ இங்கயில்ல இருக்க” என்றார் மெதுவாக.

“ஆமாங்கய்யா.”

“அப்ப அங்க நிக்கிறது யாரு?”

அவர் பிடித்திருந்த என் கையை விட்டுவிட்டார். சாவு வீட்டில் செய்கிற மாதிரி, தலையிலிருந்த உருமாலை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். படம் முடியும் முன்பே எழுந்து, உட்கார்ந்திருந்தவர்களின் காலையெல்லாம் மிதித்துக்கொண்டு வெளியே நடந்தார்.

அங்கம்மாள் தலை நிமிர்ந்து பார்த்தாள். மாமனாரின் வெறுந்தலையைக் கண்டதும் எழுந்தாள்.

“அழு ஆத்தா” என்றார் அவர். அதற்குமேல் அவரால் நிற்க முடியவில்லை. திடலிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாம் ஆட்டத்துக்கு வந்தவர்களும் படம் விட்டு வந்தவர்களும் சுற்றி நின்று வேடிக்கை பார்க்க, அந்தப் பெண் நடுத்திடலில் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அடுத்த ஆட்டத்துக்கான பாட்டைக் கொட்டகைக்காரர் அன்று போடவில்லை.

பிரிந்தபோது

காலையில் எழுமலைக் கண்மாயில் மாயாண்டி தலை முழுகினார். அங்கம்மாளின் தாலியை மலையில் முறைப்படி இறக்கிக்கொள்வதாகச் சொன்னார்கள். வீரணனின் மூட்டையை அவள் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“அண்ணே, நான் படத்தப் பாக்கல. சத்தம் மட்டும் கேட்டுச்சு. அம்மான்னு கத்துனாரே, அது அவரு குரலுதான?” என்று கேட்டாள்.

“அவன் குரலுதாம்மா.”

தலையை ஆட்டிக்கொண்டு நடக்கத் தொடங்கினாள். பிற்பாடு பலகை வண்டிக்காரர் சொல்லித்தான் அவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டேன். மறு மழைக்கு மாயாண்டி காய்ச்சலில் போய்விட்டார். அங்கம்மாள் அடிவாரத்தில் ஒரு கல்யாணமான தங்கை வீட்டோடு வந்து தங்கிவிட்டாள். பலகைக்குடியிலிருந்து கம்பெனிக்கு அதற்குப் பிறகு பலகை வரவில்லை, யாரும் கொடுக்கவில்லையாம்.

அன்று, மருமகள் கொஞ்ச தூரம் போன பிறகும் பெரியவர் என் எதிரிலேயே நின்றார். ஈரத்தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

“உனக்குத் தாய் தகப்பன் இருக்காகளா தம்பி?”

“அம்மா மட்டும் இருக்குங்கய்யா. திருமங்கலத்துப் பக்கம், கிராமத்துல.”

“அப்ப நீ இனிமே அதுல நிக்காத. நாளைக்கு உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, அவளும் என்னைய மாதிரி உக்காந்து பாத்துக்கிட்டே இருப்பா.”

நான் சரி என்றேன். ஆனால் எனக்கு வேறு வேலை தெரியாது. அந்த வாரமே ஈட்டியும் கிரீடமுமாகச் சிங்காசனத்துக்குப் பக்கத்தில் போய் நின்றேன். அதற்கப்புறமும் பல வருஷம் நின்றேன். அம்மா சாகும்வரை, நான் இருக்கிற ஒரு படத்துக்கும் அவளைக் கூட்டிக்கொண்டு போனதில்லை. அவள் பலமுறை கேட்டாள். டிக்கெட் கிடைக்கவில்லை என்று சொல்லிவிடுவேன்.